பின் ஆக்ஸில் ஆயில்: அந்த 118 மில்லியை முதலில் ஊற்றுங்கள்

என் ஃபோர்டு மஸ்டாங்கின் பின் டிஃபரன்ஷியல் (திரும்பும்போது இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) ஆயிலை நானே மாற்றினேன். மறுநாள் கடைவாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பியபோது பின்னாலிருந்து 'கடகட'வென்று ஓர் உதறல். இருக்கை வரைக்கும் அதிர்ந்தது. ஆயில் தரமானதுதான், அதனோடு சேர்க்க வேண்டிய 118 மில்லி திரவம் ஒன்றைச் சேர்க்கவில்லை.

என்னுடையது 8.8 அங்குல ஆக்ஸில் (உள்ளிருக்கும் வளையக் கியரின் விட்டம் அது). உள்ளே இருப்பது கிளட்ச் தட்டுகள் கொண்ட டிராக்ஷன்-லாக், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் 'லிமிடெட் ஸ்லிப்' டிஃபரன்ஷியல். கீழே வருவதெல்லாம் அதற்கான முறை.

சற்று ஓட்டி ஆயில் சூடானபின், வண்டியைச் சமமாக ஜாக் ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள். வேறு எதையும் தொடுமுன், ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். 3/8 அங்குல ராட்செட்டின் சதுர முனை அதில் அப்படியே பொருந்தும். பழைய ஆயிலை வடித்தபின் பிளக் அசையாமல் போனால் வண்டியை நகர்த்தவே முடியாது.

வடிப்பதற்கென்று தனிப் பிளக் இதில் கிடையாது. பின்மூடியைத்தான் திறக்க வேண்டும். 10 போல்ட்டுகளில் மேலே உள்ள இரண்டைத் தளர்த்தி மட்டும் விடுங்கள். மற்றவற்றைக் கழற்றி, மூடியை அடியிலிருந்து நெம்பினால் ஆயில் தட்டில் இறங்கும். கந்தக வாடை தூக்கலாக இருக்கும், பழைய சட்டை அணிந்துகொள்ளுங்கள். அடியில் மைபோல் கறுத்த பசை படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் இரும்புச் சில்லு கிடைத்தால் மூடாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

மூடியின் விளிம்பில் ஆயில் கசியாமல் அடைத்திருக்கும் பழைய சிலிகானைச் சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டிதான் என் தேர்வு. இரும்பு, மூடி பொருந்தும் முகப்பைக் கீறிவிடும். பிரேக் கிளீனரால் துடைத்து, புது சிலிகானை அறுபடாத கோடாக இட்டு, மூடியைப் பூட்டி, காய விடுங்கள்.

இனி நான் தவறிய இடம். வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாகச் சுழலும். அப்போது கிளட்ச் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். வெறும் கியர் ஆயிலில் அவை பிடிப்பதும் விடுவதுமாகத் தடுமாறும். அதுதான் அந்த உதறல். உராய்வைச் சீராக்கும் 'ஃப்ரிக்ஷன் மாடிஃபையர்' என்ற திரவம் அதற்காகவே இருக்கிறது. என் வண்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 118 மில்லி. கையேட்டில் இருந்த 75டபிள்யூ-140 ஆயிலைத் துளை வரை நிரப்பியபின் இதற்கு இடமில்லை. கொஞ்சம் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் ஊற்ற முடிந்தது. ஆகவே மாடிஃபையரை முதலில் ஊற்றுங்கள், பிறகு ஆயிலை. பாட்டிலைப் பிதுக்கி ஊற்றப் போராடாமல் ஒரு கைப்பம்பு வாங்கிவிடுங்கள்; வண்டியடியில் படுத்திருப்பவருக்கு அந்தக் காசு வீணில்லை.

அளவை மீறாதீர்கள். மாடிஃபையர் கூடினால் தட்டுகளின் பிடிமானம் குறைந்து, லிமிடெட் ஸ்லிப் இருந்தும் பயனில்லாமல் போகும்.

ஊற்றி முடித்ததும் காலி மைதானத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகச் சுற்றினேன். தட்டுகளுக்கு இடையே ஆயில் இறங்க இறங்க உதறல் தணிந்து, நின்றும் போனது.

பின்சேர்க்கை: 'லிமிடெட் ஸ்லிப்' என்று அச்சிட்ட ஆயில் வாங்கிய வாசகர் ஒருவர், மாடிஃபையரும் வேண்டுமா என்று கேட்டிருந்தார். அத்தகைய ஆயில்கள் பலவற்றில் அது முன்பே கலந்திருக்கும். லேபிளைப் படித்து, முதலில் ஆயிலை மட்டும் நிரப்பி ஓட்டிப் பாருங்கள், உதறினால் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். டார்சன் வகை லிமிடெட் ஸ்லிப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதில் வேலை செய்வது கியர்கள். கிளட்ச் தட்டுகளுக்கான மாடிஃபையர் அதற்குத் தேவைப்படாது.