கடன் தீராத மொபைல் ஹோமை விற்பது: பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள்

அமெரிக்காவில் தனியாக வாழ்ந்த அம்மா ஒருநாள் வழுக்கி விழுந்து, பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். அவர் இருந்தது மேனுஃபாக்சர்டு ஹோம். பேச்சு வழக்கில் மொபைல் ஹோம். தொழிற்சாலையில் கட்டி, லாரியில் இழுத்துவந்து, இத்தகைய வீடுகளுக்கென்றே உள்ள பார்க் ஒன்றில் வாடகை மனையில் நிறுத்திய வீடு. கடன் தவணை, மனை வாடகை, பராமரிப்பு இல்லத்தின் பில் என்று மாதா மாதம் மூன்று செலவு. பிள்ளைகள் பதறிப்போய் நாலு போட்டோ எடுத்து விளம்பரம் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. விலை பேசுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: சட்டத்தின் கண்ணில் இது என்ன வகைச் சொத்து, விற்கக் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு.

பார்வைக்கு வீடாக இருந்தாலும், வாடகை மனையில் நிற்கும் மொபைல் ஹோம் பெரும்பாலும் அசையும் சொத்துதான். காருக்கு இருப்பது போல இதற்கும் டைட்டில், அதாவது உரிமைச் சான்று, உண்டு. ஃபுளோரிடாவில் அதைத் தருவது வாகனப் பதிவுத் துறை. இரண்டு பாகமாக வந்த டபுள்-வைட் வீடென்றால் பாகத்துக்கு ஒன்றாக இரண்டு டைட்டில். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மாநில வீட்டு வசதித் துறைகள் இதைக் கவனிக்கின்றன. டெக்சாஸில் அந்த ஆவணத்தை உரிமை அறிக்கை என்பார்கள். சொந்த நிலத்தில் நிரந்தர அஸ்திவாரம் போட்டு, டைட்டிலை முறைப்படி ஒப்படைத்து ரத்து செய்திருந்தால்தான் அது நிலத்தோடு சேர்ந்து பத்திரத்தில் வரும். எந்த வகை என்பதை மாநில அலுவலகத்திலும் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். என்றோ அடைத்த பழைய கடன்கூட டைட்டிலில் வில்லங்கமாக அப்படியே நிற்பதுண்டு. கடன் கொடுத்த கம்பெனி இன்னொன்றோடு இணைந்திருந்தால் விடுவிப்புக் கடிதம் வாங்க வாரக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

வீட்டின் வயதையும் பாருங்கள். 1976 ஜூன் 15-ஆம் தேதி மத்திய அரசின் கட்டுமான விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பின் கட்டியவற்றில் ஒவ்வொரு பாகத்தின் வெளிப்புறத்திலும் சிவப்பு உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதற்கு முந்தைய வீடுகளுக்குக் கடன் கிடைப்பது மிகக் கடினம். அநேகமாக ரொக்கத்துக்குத்தான் விற்க முடியும். வெளிச்சுவரைப் புதுப்பித்தபோது தகட்டைக் கழற்றி எறிந்திருந்தால் மாற்றுத் தகடு கிடைக்காது. ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பிடம் விண்ணப்பித்துச் சரிபார்ப்புக் கடிதம் வாங்கலாம். வாங்குபவரின் வங்கி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்து கடன். மாத ஸ்டேட்மென்டில் உள்ள மீதித்தொகையை நம்பி விலை வைப்பது தவறு. அன்றைய தேதி வரையிலான வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து, கடனை முழுதாக அடைக்கத் தேவையான பே-ஆஃப் தொகை வேறு. எழுத்து மூலம் கேட்டால் பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. வாடகை மனையில் நிற்கும் வீடுகளின் மதிப்பு பல இடங்களில் இறங்கிவிடுவதால், விற்கும் விலையைவிடக் கடன் அதிகமாக இருப்பதும் நடக்கும். அப்படியானால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். குறைந்த தொகைக்கு விடுவிக்க ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்குங்கள்; மீதிக்கு அம்மாவைத் துரத்த மாட்டார்கள் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். விற்கப்போகும் வீடுதானே என்று தவணையை நிறுத்தாதீர்கள். வீடு காலியாக இருப்பதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள்; சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்க அதுவே காரணமாகலாம்.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பயம் தருவது ஒன்றுதான். "மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், சாவியைக் கொடுங்கள்" என்று ஒருவர் வருவார். நல்லவராகவே இருப்பார். குடும்பத்துக்கும் பாரம் இறங்கியது போல இருக்கும். ஆனால் கடன் அம்மாவின் பெயரிலேயேதான் இருக்கிறது. சாவி வாங்கியவர் மூன்று மாதம் கட்டாவிட்டால் வசூல் கடிதம் பராமரிப்பு இல்லத்துக்கு வரும். கைமாறியது தெரிந்தால் முழுக்கடனையும் உடனே கட்டு என்று கேட்கும் உரிமையை அநேகமான கடன் பத்திரங்கள் கொடுத்திருக்கின்றன. பார்க் நிர்வாகம் அவரை ஏற்கவில்லை என்றால் அங்கே குடியிருக்கவும் முடியாது. எண்பது வயதுக்காரர் தலையில் இந்த ஆபத்தை ஏற்றுவது நியாயமில்லை. விற்பதானால், இரு தரப்புக்கும் நடுவில் நின்று பணத்தையும் ஆவணத்தையும் கைமாற்றித் தரும் எஸ்க்ரோ அல்லது டைட்டில் கம்பெனி வழியாக விற்றுவிடுங்கள்: வாங்குபவர் பணத்திலிருந்து கடன் நேராக அடைபட்டு, வில்லங்கம் நீங்கி, டைட்டில் மாறட்டும்.

கையெழுத்து விஷயத்தில் காலம்தான் எதிரி. பவர் ஆஃப் அட்டர்னியை அம்மா தெளிவான நினைவோடு இருக்கும்போதே எழுத வேண்டும். நினைவு தவறிய பிறகும் செல்லும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். அந்தக் காலம் கடந்துவிட்டால் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் நியமனம் வாங்குவதுதான் வழி. அவர் இறந்த கணமே பவரும் முடிந்துவிடும். அதன் பின் உயில் நிறைவேற்றுபவரோ வாரிசோதான் கையெழுத்திட முடியும். சிறிய சொத்துகளுக்குப் பல மாநிலங்களில் வெறும் உறுதிமொழிப் பத்திரமே போதும். இறந்தவரின் வீட்டில் உறவினர் குடியேறினால், கைமாறியதைக் காரணம் காட்டி முழுக்கடனையும் கேட்க 1982-ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் தடை போடுகிறது. மேனுஃபாக்சர்டு வீடும் அதில் அடக்கம். வீட்டை ஈடு வைத்து, மாதத் தவணை இல்லாமல் முதியவர்கள் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் கடன் என்றால் கதை வேறு. மத்திய அரசின் காப்பீடு பெற்ற அந்தக் கடனில், தனியாக வாழ்ந்தவர் இறந்தாலோ பராமரிப்பு இல்லத்தில் தொடர்ந்து 12 மாதத்துக்கு மேல் இருந்தாலோ முழுத்தொகையும் கட்ட வேண்டியதாகிவிடும்.

பார்க்கின் வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். வாங்குபவரைப் பார்க் நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டியிருக்கும். அது 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க்காக இருந்தால், இளம் குடும்பத்திடம் முன்பணம் வாங்கிவிட்டுத் திருப்பித்தரும் நிலை வரும். கலிஃபோர்னியாவில் கவுன்ட்டிக்குச் சொத்து வரி கட்டும் வீடுகளுக்கு, வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் டைட்டில் மாறாது.

"மாமாவுக்கே சல்லிசாகக் கொடுத்துவிடலாம்" என்ற யோசனை வீட்டுக்கு வீடு வரும். பெரும்பாலான மாநிலங்களில், நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிக்கெய்ட் (வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) கேட்கும்போது கடந்த 60 மாதக் கணக்கை அலசுவார்கள். சந்தை மதிப்புக்குக் கீழே கொடுத்திருந்தால், அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற காலம் உதவி கிடைக்காது. சரியான விலைக்கு விற்றாலும் கையில் வந்த பணம் சொத்தாகக் கணக்கில் ஏறும்; பல மாநிலங்களில் தனி நபருக்கு அனுமதி 2,000 டாலர்தான். ஆகவே முதியோர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் பேச வேண்டியது விற்பதற்கு முன்பு. வருமான வரி அவ்வளவாகப் பயமுறுத்தாது: விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் 2,50,000 டாலர் வரை லாபத்துக்கு மத்திய வரி இல்லை. தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடியாமல் உரிமம் பெற்ற இல்லத்தில் சேர்ந்தவருக்கு, வீட்டில் ஓராண்டாவது வாழ்ந்திருந்தால் இல்லத்தில் இருந்த காலமும் அந்தக் கணக்கில் சேரும்.

விற்ற காசோலை அம்மாவின் பெயரில் உள்ள கணக்கிலேயே போகட்டும். பவர் வைத்திருக்கும் மகனோ மகளோ தன் கணக்கில் போட்டு அதிலிருந்து பில் கட்டினால், ஒவ்வொரு டாலரும் அம்மாவுக்குத்தான் செலவானது என்று பின்னால் நிரூபிக்க வேண்டிவரும். உடன்பிறந்தவர்களும் கேட்பார்கள், மெடிக்கெய்ட் அதிகாரியும் கேட்பார்.