யூகலிப்டஸ் தைலம்: எப்படி யூஸ் பண்ணணும், எங்க பண்ணக்கூடாது

ஊட்டி போறவங்க வர்க்கி, சாக்லேட்டோட ஒரு பாட்டில் தைலமும் வாங்கிட்டு வந்துடறாங்க, ஆனா எவ்வளவு எப்படி யூஸ் பண்ணணும்னு பல பாட்டில்ல தெளிவா போட்டிருக்காது, அதனால சளி பிடிச்சா ஆளுக்கொரு விதமா பண்றாங்க, சிலர் சர்க்கரைல விட்டு முழுங்கவே செய்றாங்க. தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம். இது மோந்து பார்க்கவும் வெளிய பூசவும்தான்.

இந்த மரம் 1840கள்ல வெள்ளைக்காரங்க ஆஸ்திரேலியாவுலருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தது, வெறகுக்காக நிறைய நட்டாங்க. இலையை அண்டாவுல போட்டு தண்ணியோட கொதிக்க வச்சு, வர்ற ஆவியைக் குழாய் வழியா குளிர வச்சா தண்ணி மேல எண்ணெய் மிதக்கும், அதான் தைலம். இதுல பெரும்பகுதி சினியோல்ங்கற பொருள். அந்த சில்லுனு ஏறுற வாசனையும் மூக்கு திறந்த மாதிரி இருக்கறதும் அதனாலதான். ஆனா சளிக் கிருமியைக் கொல்லும்னு நம்பிடாதீங்க, கொஞ்ச நேரம் நிம்மதி குடுக்கும், அவ்வளவுதான்.

ஆவி பிடிக்கிறப்போ தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, பாத்திரத்தை ஆடாத இடத்துல வச்சு, ரெண்டு நிமிஷம் ஆற விட்டு, அப்புறம்தான் ரெண்டு மூணு சொட்டு விடணும். அடுப்பு எரியறப்போ விடாதீங்க, தைலம் தீப்பிடிக்கும். கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் பிடிச்சா போதும், தைலம் அதிகமா விட்டா கண்ணு எரிஞ்சு இருமல்தான் வரும். சின்னப் பசங்களை கொதிக்கற குண்டான் முன்னாடி போர்வை போர்த்தி உக்கார வைக்கவே கூடாது, தண்ணி கவுந்து வெந்துபோறதுதான் இதுல பெரிய ஆபத்து. ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு இந்த நெடியே இழுப்பைக் கிளப்பலாம், டாக்டரைக் கேக்காம வேணாம்.

மூட்டு வலி, இடுப்பு வலிக்குத் தேய்க்கணும்னா அப்படியே ஊத்தித் தேய்க்காதீங்க, 30 மில்லி தேங்காய் எண்ணெய்ல 12 சொட்டு கலந்தா சுமார் ரெண்டு சதவீதம் வரும், அது போதும். முதல்ல முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க, சிவந்தா விட்டுடுங்க. புண்ணு, கண்ணு, மூக்கு உள்ள படக்கூடாது.

கைக்குழந்தைக்கு மூக்குகிட்ட, நெஞ்சுல, தலையணைல எங்கயும் வேணாம், பாட்டி சொன்னாலும் வேணாம், பாட்டிக்குக் கோவம் வந்தா வரட்டும். குட்டிப் பசங்களுக்கு மூச்சே திணறிடும். பூனை வளர்க்கறவங்களும் ரூம்ல இதைப் புகைய விடாதீங்க.

வாங்கறப்போ வெள்ளைப் பேப்பர்ல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, காஞ்சப்புறமும் எண்ணெய்க் கறை நின்னா வேற ஏதோ கலந்திருக்கு, ஆனா கறை இல்லேன்னாலே சுத்தம்னு சொல்லிட முடியாது, மண்ணெண்ணெய் கலந்தாலும் ஆவியாயிடும். பிரவுன் கண்ணாடி பாட்டில்ல, டைட்டான மூடி போட்டு, பசங்க கைக்கு எட்டாத உசரத்துல வைங்க.

குழந்தை குடிச்சிடுச்சுன்னா ஒரு டீஸ்பூன் கூட போதும் மயக்கம், வலிப்பு வர்றதுக்கு. வாந்தி எடுக்க வைக்காதீங்க, அது நுரையீரலுக்குள்ள போயிடும். பால், மோர்னு கை வைத்தியமும் வேணாம், 108க்குப் போன் போட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க, அந்த பாட்டிலையும் கையோட எடுத்துக்கோங்க, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு டாக்டர் பார்க்கணும்.