சூரியக் குடும்பம்: பாடம் நடத்தப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிகளில் வானியல் சொல்லித்தரப் புதிதாக வரும் தன்னார்வலர்களின் வகுப்புகளில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. யார் வந்தாலும் அதே தவறுகள். கோள்களின் வரிசையை மாற்றிச் சொல்வது, சனிக்கு மட்டும்தான் வளையம் என்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். புத்தகத்தைப் புரட்டினாலே சரியாகிவிடும்.

பூமியின் பாதையை முட்டை மாதிரி வரைவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கரும்பலகையில் நீளமாக ஒரு முட்டை, அதன் ஓரத்தில் சூரியன். கேட்டால், "நீள்வட்டம்னு பசங்களுக்குப் புரியணுமே சார், அதான் கொஞ்சம் இழுத்து வரைஞ்சேன்" என்பார்கள்.

அப்படியொரு வகுப்பு முடிந்ததும், மே மாதம் ஏன் வெயில் கொளுத்துகிறது என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "அப்போ பூமி சூரியனுக்குப் பக்கத்துல வருது சார்." டிசம்பர் கடைசியில் மெல்பர்னில் டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது அங்கே கோடைக்காலமாச்சே என்றேன். திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள். "படத்துல அப்படித்தானே சார் இருக்கு?" அவள்மேல் பிழையே இல்லை. பார்த்த படத்தை நம்பி, ஒழுங்காக யோசித்துத்தான் தப்பான விடைக்கு வந்திருந்தாள். இனி அச்சின் சாய்வைப் பற்றி யார் சொன்னாலும் அந்த முட்டை குறுக்கே நிற்கும்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிப் பனியில் இருக்கும்போது: சுமார் 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில்: சுமார் 15.2 கோடி. இதனால் பூமிக்கு வந்துசேரும் வெயிலில் வித்தியாசம் 7 சதவீதம்தான். பருவங்களை உண்டாக்குவது அச்சின் 23.5 டிகிரி சாய்வு.

காம்பஸை எடுத்து 10 செ.மீ. ஆரத்தில் வட்டமே போடச் சொல்லுங்கள். சூரியனை மையத்திலிருந்து ஒன்றரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளி வையுங்கள். அந்த அளவில் வட்டத்துக்கும் உண்மையான பாதைக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

நீள்வட்டத்தைக் காட்டியே ஆகவேண்டுமா? புதனை எடுங்கள், சூரியனிலிருந்து அதன் தூரம் 4.6 கோடியிலிருந்து 7 கோடி கி.மீ. வரை மாறுகிறது. கோள்களின் பாதையைக் கணக்கிட்ட வானியலாளர் கெப்ளரின் கதையையும் சொல்லலாம். வானத்தை அளந்து குறித்துவைத்த டைகோ பிராகேயின் அளவீடுகளோடு, கெப்ளர் கணக்கிட்ட செவ்வாயின் வட்டப்பாதை 8 கலை (ஒரு கலை என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்குப் பொருந்தவில்லை. முழுநிலவின் அகலத்தில் கால் பங்குதான் அது. அதை ஒதுக்கித் தள்ள மனம் வராமல் போராடித்தான் கெப்ளர் 1609-ல் நீள்வட்ட விதியை வெளியிட்டார். பிள்ளைகள் இதை உற்றுக் கேட்பார்கள்.

புதன்தான் அதிகச் சூடு என்பது

இங்கேயும் அதே 'பக்கத்தில் இருந்தால் சூடு' கணக்குதான். உண்மையில் அதிகச் சூடு வெள்ளிதான்: அதன் தரை சுமார் 460 டிகிரி செல்சியஸ். அடர்ந்த கரியமில வாயு வெப்பத்தை வெளியே விடுவதில்லை.

நிலவைப் பூமிக்கு ஒட்டி வரைவது

இடையில் ஏறக்குறைய 30 பூமிகளை அடுக்கலாம்.

நிலவுகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்ய வைப்பது

வேண்டாம். 2025 மார்ச்சில் சனிக்கு மட்டும் ஒரேயடியாக 128 புதிய நிலவுகள் சேர்ந்தன.

புளூட்டோவிலேயே பாதி வகுப்பைக் கழிப்பது

தன் பாதையை ஒட்டிச் சுற்றும் மற்ற பொருட்களை அது அப்புறப்படுத்தவில்லை. அதனால் 2006-ல் குள்ளக்கோள் ஆனது. இரண்டு நிமிடம் போதும்.