கழிமுகத்தில் உயிர் இறாலை இரையாக்கித் தூண்டில் போடும் முறை

கொடுவா, செப்பிலி, பாரை போன்ற மீன்களைக் கழிமுகத்தில் தூண்டிலிட்டுப் பிடிக்க விரும்புவோருக்கு உயிர் இறாலைப் போன்ற இரை வேறில்லை என்றே சொல்லலாம். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் கடல் ஏற்றத்தின்போது உள்ளே வரும் நீரோடு ஆற்று முகத்துக்குள் புகுந்து, அங்கேயே வளர்ந்து, ஓரளவு பருத்ததும் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. அந்த வழியில் காத்திருந்து தின்பதே கழிமுகத்து மீன்களின் பழக்கம். ஆனால் இறால் உயிரோடு துடிக்கும் வரைதான் இந்த அனுகூலம் நீடிக்கும் என்பதால், இவ்விளக்கத்தில் தூண்டில் கோலை விட இறால் வாளியைப் பற்றியே அதிகம் சொல்லியிருக்கிறேன். கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதல் படி: இறாலைப் பெறுதல்

விடியற்காலையில் வீச்சு வலை போடுவோரிடமோ, ஆழமற்ற சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடிப்போரிடமோ நேரில் கேட்டு வாங்குவதே தொடக்கநிலையினருக்கு எளிது. பனிக்கட்டியில் போடுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், வலை கரைக்கு வரும் நேரத்தில் வாளியோடு அங்கே நிற்பது அவசியம். சுண்டுவிரல் நீளத்திலிருந்து நடுவிரல் நீளம் வரையுள்ள இறால் போதுமானது. உடல் கண்ணாடி போலத் தெளிவாகவும் மீசையும் கால்களும் முழுமையாகவும் இருப்பவற்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். தசை பால் நிறமாக மங்கிவிட்ட இறால் வாளியில் நெடுநேரம் தாங்காது. ஒரு காலைப்பொழுதுக்கு இருபது இறால் இருந்தால் நிறைவு.

இரண்டாம் படி: உயிரோடு வைத்திருத்தல்

வாளியில் ஊற்றும் நீர், இறால் பிடிபட்ட அதே இடத்து நீராக இருக்க வேண்டும். கழிமுகத்தில் உப்பின் அளவு இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். அந்த மாற்றத்துக்கு இறால் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளுமே தவிர, ஒரேயடியாக வேறு நீரில் விடப்பட்டால் சோர்ந்துவிடும். குழாய் நீரில் உப்பு இல்லை என்பதோடு குளோரினும் கலந்திருக்கக்கூடும்; அதை ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி, பிளாஸ்டிக் வாளியை விட நல்லது. அது வெயிலின் சூட்டை உள்ளே விடாது. துள்ளும் இறாலும் வெளியே விழாது. நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறையும், இறாலுக்கோ அப்போதுதான் கூடுதலாகத் தேவைப்படும். ஆகவே, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும், பேட்டரியில் இயங்கி நீருக்குள் காற்றைச் செலுத்தும் சிறிய ஏரேட்டர் ஒன்றை வாங்கிவிடுவது, விலையுயர்ந்த ரீல் வாங்குவதை விடப் பயன் தரும். அது இல்லாவிட்டால் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றலாம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறக்காமல் நீரில் மிதக்கவிட்டால் பெட்டி குளிர்ச்சியாக இருக்கும். பனிக்கட்டியை நேராகப் போட்டால் உப்பு குறைந்துவிடும். இறந்த இறால் நீரைக் கெடுக்கும் என்பதால் உடனுக்குடன் எடுத்துவிட்டு, மணிக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும்.

மூன்றாம் படி: முள், நரம்பு, ஈயம்

0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள தூண்டில் நரம்பை ரீலில் சுற்றி, அதில் துளையுள்ள ஈயக்குண்டு ஒன்றைக் கோத்து, நுனியில் சுவிவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாதபடி சுழலும் இணைப்பு) கட்ட வேண்டும். அதற்குக் கீழே முழ நீளத்துக்கு 0.50 மில்லிமீட்டர் நரம்பைக் கட்டி, 1/0 அல்லது 2/0 அளவுள்ள மெல்லிய கம்பி முள்ளை இணைக்கலாம். கொடுவாவின் பற்கள் சிறியவைதான். ஆனால் அதன் செவுள் மூடியின் விளிம்பு நரம்பை அறுத்துவிடும் என்பதால்தான் கீழ்த்துண்டு தடிமனாக இருக்க வேண்டியுள்ளது. ஈயத்தை நீரோட்டத்துக்கு ஏற்பக் குறைவாகவே பயன்படுத்த வேண்டும். நீர் அசையாத வேளையில் ஈயமே தேவையில்லை.

நான்காம் படி: இறாலைக் கோத்தல்

கையை நனைத்துக்கொண்டு, தலையின் மேலிருக்கும் கொம்பு குத்தாதபடி இறாலைப் பின்புறமாகப் பிடிக்க வேண்டும். ஓடு வழியே பார்த்தால் தலைக்குள் ஒரு கருமையான பகுதி தெரியும். உயிருக்குரிய உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. முள் அதைத் தொட்டால் இறால் சில நொடிகளில் செத்துவிடும். ஆகவே, அந்தக் கருமைக்கு முன்னால், கொம்பின் அடிப்பகுதியில் குறுக்காக முள்ளைச் செலுத்துவது ஒரு முறை. வால் விசிறிக்கு முந்தைய கடைசிக் கணுவில் குத்துவது மற்றொரு முறை. நீரோட்டம் இருக்கும்போது முதல் முறையும், நீர் நின்றிருக்கும்போது தக்கையோடு இரண்டாவது முறையும் எனக்கு உகந்தவையாகத் தோன்றுகின்றன. எந்த முறையானாலும் முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். அதை மறைக்க வேண்டிய தேவை இல்லை.

ஐந்தாம் படி: நேரமும் இடமும்

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் வலுவாக இருக்கும். வற்றம் (கடல் நீர் வடிதல்) தொடங்கியபின், சுரபுன்னைக் காடுகளுக்குள்ளிருந்து சிற்றோடைகள் பிரதான ஆற்றில் விழும் வாய்களில், வடியும் நீரோடு இறாலும் சிறு மீன்களும் வெளியே வருகின்றன. கொடுவா அவ்வாய்களின் ஓரத்தில், ஆழம் சட்டென்று கூடும் இடத்தில் நிற்கும். பாலத் தூண்களின் நிழலும் கருங்கல் கொட்டிய கரையும் செப்பிலிக்கு உரிய இடங்கள். வேகமாக வீசினால் இறால் பிய்ந்து போகும் என்பதால், கோலைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி, ஓடை வாய்க்குச் சற்று மேலே இரையை இறக்கி, நீரே அதை இழுத்துச் செல்லும்படி விட வேண்டும். பிச்சாவரம் காப்புக்காடு என்பதால் அதன் எல்லைக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியைக் கேட்டறிவது நல்லது.

ஆறாம் படி: மீன் எடுக்கும்போது

மீன் நெருங்கும்போது இறால் பதறித் துள்ளுவது நரம்பில் விரல் வைத்திருந்தால் தெரியும். அப்போது இழுக்கக் கூடாது. கொடுவா இரையை வாய்க்குள் உறிஞ்சித் திரும்பும். நரம்பு சீராக ஓடி, கனம் தெரிந்தபின் கோலை உறுதியாக உயர்த்தினால் போதும். சிறு சிறு கொத்தல்களாக வந்து இறாலின் வால் மட்டும் காணாமல் போனால் அது பெரும்பாலும் பேத்தை மீனின் வேலை, இடத்தை மாற்றிவிடலாம். பேத்தை நஞ்சுள்ளது, உண்ணத் தகாது. கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முட்களும் குத்தினால் கடுமையாக வலிக்கும் என்பதால் அதை வெறும் கையால் பிடிக்கக் கூடாது. குத்திவிட்டால், தோல் வெந்துவிடாமல் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பின்னரே பெண்ணாக மாறும் மீன். மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்களே என்பதால் அவற்றை விட்டுவிடுவது என் வழக்கம்.

மீந்த இறால் அந்த ஆற்றிலேயே அன்று பிடிபட்டதாக இருந்தால் திரும்ப விடலாம். வேறிடத்து இறாலைச் சமையலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பண்ணைக் குட்டைகளில் வளரும் வனாமி இறாலை உயிர் இரையாகக் கொண்டுவரவே கூடாது. அது அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்கு உரிய இனம். அதோடு, குட்டைகளில் பரவும் வெண்புள்ளி நோய் அதன் வழியாக ஆற்று இறாலுக்கும் நண்டுக்கும் தொற்றக்கூடும்.