மண்டை ஓட்டில் வெள்ளைக் கோடு: வினைல் அடிக்கும் தெர்மல் பிரிண்டரைப் பராமரிப்பது எப்படி?

வெள்ளை வினைலில் சிவப்பு ரிப்பன் போட்டு ‘அபாயம் 415 வோல்ட்’ ஸ்டிக்கர் அடிக்கிறீர்கள். மண்டை ஓட்டின் நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு. அடுத்ததிலும் அதே இடத்தில் அதே கோடு. தொழிலுக்குப் புதியவர்கள் உடனே டார்க்னஸை, அதாவது அச்சடிக்கும் சூட்டின் அளவை, கூட்டுவார்கள். கோடு போகாது, சுட்டு அச்சடிக்கும் பாகமான ஹெட்டின் ஆயுள்தான் குறையும்.

பில் போடுகிற தெர்மல் மெஷினில் ரிப்பன் கிடையாது. சூடு பட்டதும் காகிதமே கறுத்துவிடும். நாம் பார்க்கப்போவது ரிப்பன் போடுகிற 4 அங்குல டிரான்ஸ்பர் பிரிண்டர். இதில் ஹெட்டின் விளிம்பை ஒட்டி வரிசையாக நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் இருக்கும். 203 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 203 புள்ளி) ஹெட் என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி, 300 என்றால் ஏறக்குறைய 12. அவை ரிப்பனின் முதுகைச் சுட, மறுபக்கத்து மை உருகி வினைலில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு புள்ளியின் மேல் அழுக்கு உட்கார்ந்தால் அந்த இடத்தில் சூடு ரிப்பனைச் சேராது. வினைல் நகர்ந்துகொண்டே இருப்பதால் அது கோடாகத் தெரிகிறது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சிகள், நூல் உதிராத துணி, மெல்லிய தூரிகை. கொரோனா காலத்து சானிடைசர் பாட்டில் மிச்சமிருக்கிறது என்று அதை ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், பிசுக்கு படியும்.

படி 1: அணைத்து ஆறவிடுங்கள்

சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்குங்கள். இப்போதுதான் அடித்து முடித்த ஹெட் கையைச் சுடும். பத்து நிமிடமாவது போகட்டும். மூடியைத் திறந்து வினைலையும் ரிப்பனையும் வெளியே எடுங்கள். ஹெட்டைத் தொடுமுன் பிரிண்டரின் இரும்புச் சட்டத்தை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஹெட்டைக் கெடுக்கக்கூடும்.

படி 2: ஹெட்டைத் துடையுங்கள்

பஞ்சுக் குச்சியை ஆல்கஹாலில் நனையுங்கள், சொட்டக் கூடாது. சூட்டுப் புள்ளிகள் இருக்கும் அந்த மெல்லிய பட்டையின் நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி ஒரே திசையில் இழுங்கள், பிறகு மறுபாதி. முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். குச்சியில் ரிப்பன் கரி ஏறியதும் அதை வீசிவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைசிக் குச்சி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். விரலால் அந்தப் பட்டையைத் தொடாதீர்கள், தோலின் எண்ணெய் ஒட்டும்.

புது ரிப்பன் மாட்டும்போதெல்லாம் இதைச் செய்துவிடுங்கள். கோடு விழட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கரி சூட்டில் இறுகிப்போய் ஆல்கஹாலுக்கே அசையாது. அப்படி இறுகிய ஒரு கறையை நான் பிளேடு நுனியால் சுரண்டினேன். கறை போயிற்று, கூடவே மூன்று நான்கு புள்ளிகளும் போயின. புது ஹெட் வாங்கிய காசு இன்னமும் வலிக்கிறது. கத்தி, ஊசி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

ஆயுதபூஜைக்கும் ஒரு வார்த்தை. பொட்டு வைப்பதென்றால் மூடியை மூடி, வெளிப்பக்கம் வையுங்கள். உள்ளே விழுந்த குங்குமத் தூள் ரிப்பனோடு ஹெட்டுக்கு அடியில் போய் உப்புத்தாள் போல உரசும்.

படி 3: ரப்பர் ரோலர்

ஹெட்டுக்குக் கீழே வினைலை அழுத்திப் பிடித்து நகர்த்தும் கறுப்பு ரோலர் இது. வினைல் சுருளின் ஓரங்களில் கசியும் பசை இதில் ஒட்டும், அந்தப் பசையில் தூசி ஒட்டும். துணியில் ஆல்கஹால் தொட்டு, ரோலரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே முழுச்சுற்றும் துடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் துடைத்துவிட்டு மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு.

படி 4: சென்சாரும் வழியும்

சென்சார் மேல் தூசி இருந்தால் ஸ்டிக்கர் எங்கே முடிகிறது என்று மெஷினுக்குத் தெரியாது. படம் மேலும் கீழும் நகரும். அதையும் வினைல் ஓடும் வழியையும் உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டால் போதும். எல்லாம் ஈரம் காய ஓரிரு நிமிடம் கொடுத்துவிட்டு மூடுங்கள்.

படி 5: ரிப்பன், சூடு, வேகம்

வினைலுக்கு ரெசின் (பிசின் வகை மை பூசிய) ரிப்பன்தான். மெழுகு ரிப்பன் விலை குறைவு, ஆனால் நகத்தால் கீறினாலே உரிந்து வரும். ரிப்பனின் அகலம் வினைலைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். குறைந்தால் வினைல் விளிம்பு நேராக ஹெட்டில் உரசும்.

ரெசின் உருகச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். அதனால் முதலில் வேகத்தைக் குறையுங்கள், நொடிக்கு 2 அல்லது 3 அங்குலம். டார்க்னஸைக் கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றி, எழுத்து நிரம்பி வந்ததும் நிறுத்துங்கள். ஆறியபின் டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். மை டேப்போடு வந்தால் இன்னும் ஒரு படி ஏற்றுங்கள்.

இன்னும் சரியாக வரவில்லையா?

பிசகு எந்த வடிவத்தில் இருக்கிறதோ, அதுவே இடத்தைச் சொல்லிவிடும். வினைல் நகரும் திசையில் நேர்கோடு என்றால் ஹெட். ஒரே தூரம் விட்டு விட்டு ஒரே பொட்டு விழுந்தால் ஸ்கேலால் அந்தத் தூரத்தை அளங்கள். ரோலரின் விட்டம் 15 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 47 மி.மீ.; அந்த இடைவெளி வந்தால் ரோலரில்தான் பசையோ வெட்டோ இருக்கிறது. சாய்வான ஒழுங்கற்ற கோடுகள் ரிப்பன் சுருங்கி ஓடுவதால் வருபவை. ரிப்பனைக் கழற்றி நேராக மாட்டுங்கள். ஒரு ஓரம் மட்டும் வெளிறினால் ஹெட்டின் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை.

இரண்டு தடவை நன்றாகத் துடைத்தும் நேர்கோடு அதே இடத்தில் நின்றால் அந்தப் புள்ளி செத்துவிட்டது, ஹெட்டை மாற்றத்தான் வேண்டும். புது ஹெட் வரும்வரை வேலை நிற்க வேண்டாம். கோடு ஓரத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி விழுகிறது என்று அளந்து, அந்த இடத்தில் எழுத்தோ படமோ வராதபடி டிசைனை நகர்த்திவிட்டு அடியுங்கள்.