பெரிய கோயிலைச் சுற்றிக் காட்டுவோர்க்கு: தயக்கமின்றிப் பேசும் வழி

தஞ்சாவூரில் வீடு இருந்தால் இந்தப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. கல்யாணத்துக்கு வந்த உறவினரோ வெளியூர் நண்பரின் குடும்பமோ, "நீங்கதானே உள்ளூர்க்காரர், கோயிலைச் சுற்றிக் காட்டுங்களேன்" என்று கேட்டு விடுவார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படிக் காட்டியவன்தான். விமானத்தின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று குரலை உயர்த்திச் சொல்வது என் வழக்கம். ஒருமுறை, ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை எடை போட்டுப் பார்த்தது யாரு தம்பி?" என்றார். அதில் கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று மீதி நேரம் முழுவதும் நான் சொன்ன சரியான செய்திகள்கூட என் காதுக்கே சந்தேகமாகப் பட்டன.

ஒரு பொருளைப் பற்றித் தயங்காமல் பேசுவதற்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாதி உண்மைதான். சொல்லும் ஒவ்வொன்றும் நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முதல் வேலையாக ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, கோயிலைப் பற்றி நீங்கள் வழக்கமாகச் சொல்பவற்றை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பிறகு ஓரத்தில் அதற்கான ஆதாரத்தைக் குறியுங்கள்: கல்வெட்டில் உள்ளதா, நேரில் கண்ணால் பார்க்கக் கூடியதா, அறிஞர்கள் ஆராய்ந்து சொன்னதா, அல்லது வெறும் செவிவழிச் செய்தியா. நான் இதைச் செய்தபோது பாதிக்கு மேல் செவிவழியாகவே இருந்தது. அவற்றை அடித்துவிட வேண்டியதில்லை. சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் கட்டி உச்சிக்கல்லை ஏற்றினார்கள் என்ற கதையை, "இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்வார்கள்" என்று கதையாகவே சொன்னால் கேட்பவர்கள் ரசிப்பார்கள். நமக்கும் பொய் சொன்ன கூச்சம் இருக்காது. உச்சிக்கல்லைப் பற்றிக் கேட்டால், அது ஒரே கல் அன்று, பல துண்டுகளை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதை இப்போது தயங்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, கல்வெட்டுகளோடு பழகிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வேறெந்தக் கோயிலைப் பற்றிப் பேசுகிறவருக்கும் இவ்வளவு பெரிய துணை கிடைப்பது அரிது. கட்டியவன் யார் என்பதில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தெளிவு இருக்கவில்லை. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இங்குள்ள கல்வெட்டுகளைப் படித்த பிறகே முதலாம் இராசராசன் என்பது உறுதியானது. அவர் பதிப்பித்த வாசகங்கள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளிவந்தன. நல்ல நூலகம் எதிலும் அதைப் பார்க்கலாம். தஞ்சாவூரில் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (நாம் கட்டுவித்த கற்கோயில்) என்று மன்னன் கோயிலைக் குறிப்பிடும் இடத்தையும், தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை யாவும் "கல்லிலே வெட்டுக" என்று ஆணையிடும் இடத்தையும் மூலத்தில் படித்துவிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். ஒரு மன்னன் தன்னுடைய கொடைக்கு அடுத்தபடியாகத் தன் அக்காள் குந்தவையின் கொடையை எழுதச் சொல்கிறான் என்பதை எந்தப் பேச்சுத் திறமையும் இல்லாமல் சொன்னாலும் கூட்டம் அமைதியாகிவிடும்.

என்னைத் தலைகுனிய வைத்த அந்த எடைக் கேள்விக்கும் ஒருவகைப் பதில் கல்வெட்டிலேயே இருந்தது, அந்தக் கல்லுக்குச் சற்று மேலே இருப்பதைப் பற்றி. உச்சிக்கல்லின் எடை எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அதற்கு மேல் வைக்கக் கொடுத்த செப்புக் குடத்தின் எடை எழுதப்பட்டிருக்கிறது. இராசராசனின் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல், 275ஆம் நாளன்று கொடுத்த அந்தக் குடம் 3083 பலம். அதன்மேல் போர்த்திய பொன் தகடு 2926½ கழஞ்சு. பலமும் கழஞ்சும் அக்கால எடை அளவுகள். அந்த அரையை விட்டுவிடாதீர்கள். அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதி வைத்த நிர்வாகம் என்று சொல்லும்போதுதான் அந்தக் காலம் கண்முன் வரும். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்றும், மணிகளை நிறுத்த எடைக்கல்லுக்கு 'தக்ஷிணமேருவிடங்கன்' என்றும் இறைவன் பெயரையே வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்தைப் படிக்கப் பழகுவது நினைப்பதைவிட எளிது. புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது, இடையிடையே கிரந்த எழுத்துகள் வரும். இவற்றை மனத்தில் கொண்டு, அச்சிட்ட பாடத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஒரே வரியைச் சில வாரங்கள் திரும்பத் திரும்பப் பார்த்து வந்தால் தனிச் சொற்கள் பிடிபடத் தொடங்கும். விருந்தினருக்கு ஒரே ஒரு சொல்லைக் காட்டிப் படிக்க வைத்தாலும் போதும். கல்லைத் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள்.

எதைச் சொல்லாமல் விடுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். கருவறையைச் சுற்றிய உள்அறையில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்களும், அதற்கு மேல் தளத்தில் 108 கரணங்களில் (நடன நிலைகளில்) 81 மட்டும் செதுக்கப்பட்டு மீதிக் கற்கள் வெறுமையாக நிற்பதும் எனக்கு மிகப் பிடித்த செய்திகள். ஆனால் அந்த இடங்களுக்குப் பொதுமக்கள் போக முடியாது. கண்ணுக்கு எட்டாததைப் பத்து நிமிடம் வருணித்தால் பிள்ளைகள் புறாக்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு படத்தைக் கையில் எடுத்துச் சென்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்ளலாம்.

நேரத்தையும் நிற்கும் இடத்தையும் பலர் பொருட்படுத்துவதில்லை. காலை பதினொரு மணிக்கு மேல் முற்றத்துக் கல் கொதிக்கும். செருப்பில்லாத கால்களோடு துள்ளிக்கொண்டிருப்பவரிடம் சோழர் நிர்வாகத்தை விளக்கிப் பயனில்லை. நிழலில் அவர்களை நிறுத்திவிட்டு, வெயில் உங்கள் முகத்தில் படும்படி நீங்கள் நில்லுங்கள். கேரளாந்தகன் திருவாசல் என்ற கோபுர வாயிலுக்கு வெளியே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாமல், எந்தச் செய்தி எந்தக் கல்லுக்கு உரியதோ அங்கே போய் அதைச் சொல்லுங்கள். நந்திக்கு முன்னால் நிற்கும்போது அது நாயக்கர் காலத்தது என்பதையும், முருகன் சன்னதியும் அப்படியே என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாமே இராசராசன் காலத்தது என்று ஒரே மூச்சில் சொல்வதுதான் கவனமாகக் கேட்பவர் முதலில் பிடிக்கும் பிழை.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சு எந்தக் குழுவிலும் வரும். வயதில் பெரியவர் ஒருவர், "நிழல் கீழ விழாதாமே?" என்று பெருமையோடு கேட்கும்போது, மற்றவர்கள் முன்னிலையில் அவரை மறுப்பது நாகரிகம் அன்று. காலை எட்டு மணியளவில் விமானத்தின் பின்புறம், கருவூரார் சன்னதிப் பக்கம் அவரை அழைத்துச் சென்று, "ஐயா, நாம இப்ப நிக்கிறது எதோட நிழல்ல?" என்று கேளுங்கள். அவரே மேலே பார்ப்பார். பிறகு அவரே மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லுவார்.

கைப்பேசியில் சுற்றும் இன்னொரு செய்தியும் உண்டு: லிங்கம் 12 அடி, உயிரெழுத்து 12, பீடம் 18 அடி, மெய்யெழுத்து 18, விமானம் 216 அடி, உயிர்மெய் 216. இதை மறுக்க நாடா கொண்டு அளக்கத் தேவையில்லை. 12 அங்குலம் கொண்ட இந்த அடி ஆங்கிலேயர் அளவு. இங்குள்ள கல்வெட்டுகளோ படிமங்களின் உயரத்தை முழத்திலும் விரலிலும் சொல்கின்றன. இதைச் சொன்னவுடன் சிலர் முகம் வாடும். அவர்களை அப்படியே விட்டுவிடாமல், உண்மையிலேயே வியக்கத்தக்க ஒன்றை உடனே கொடுக்க வேண்டும். நான் பெரும்பாலும் கோயிலைக் கட்டிய தலைமைச் சிற்பியான பெருந்தச்சன் பெயரைச் சொல்வேன்: வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். மன்னன் தன் பெயரையே பட்டமாகக் கொடுத்து, அந்தத் தச்சனின் பெயரைக் கல்லிலும் இடம்பெறச் செய்திருக்கிறான்.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். அப்போது, "அது எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்பதைப் பெயருக்குச் சொல்லாமல், அவர் எதிரிலேயே நோட்டில் குறித்துக்கொண்டு அவருடைய எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பொறியாளருக்குக் குடத்தின் எடையைச் சொல்ல எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. தொலைபேசியில் கேட்டுக்கொண்டவர், "ஒரு பலம்னா எத்தனை கிராம்?" என்றார். அதையும் அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்.