யூரோப்பாவின் விரிசல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாழனின் நிலா யூரோப்பாவின் படத்தைப் பார்த்தவுடன் “வியாழன் இழுத்த இழுப்பில் பனி பிளந்துவிட்டது” என்று சொல்லத் தோன்றும். முதல் தவறு அதுதான். இழுப்பு எவ்வளவு பலமாக இருந்தாலும், மாறாமல் இருந்தால் நிலா அதற்கேற்ற வடிவில் அடங்கிவிடும். பனியை உடைப்பது இழுப்பில் வரும் ஏற்ற இறக்கம். யூரோப்பாவின் பாதை லேசான நீள்வட்டம். சுமார் 85 மணி நேரத்துக்கு ஒருமுறை வியாழனை நெருங்கி விலகுகிறது. வியாழனின் மற்ற நிலாக்களான அயோவும் கானிமீடும் தாளம் தப்பாமல் இழுப்பதால் அந்தப் பாதை வட்டமாகிவிடுவதில்லை.

பனியை மட்டும் பார்த்துவிட்டு அடியில் உள்ள கடலை மறப்பது அடுத்தது. கடல் இருந்தால் மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 30 மீட்டர் ஏறி இறங்கும் என்கிறது கணக்கு. அடிவரை கெட்டியாக உறைந்திருந்தால் ஒரு மீட்டர் தேறினாலே அதிகம்.

சரி, விரிசல் என்றால் நேர்கோடுதானே? யூரோப்பாவில் வில் வில்லாகக் கோத்த விரிசல்கள் உண்டு. அவற்றை ஒரே அடியில் உடைந்தவையாக நினைக்கக் கூடாது. 1999இல் முன்வைக்கப்பட்ட விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: நிலா சுற்றச் சுற்றத் தகைவின் (பனியை இழுத்துப் பிளக்கும் விசையின்) திசையும் திரும்புகிறது. மனிதர் நடக்கும் வேகத்தில் நகரும் விரிசல் அதோடு வளைகிறது. தகைவு தணிந்ததும் நின்றுவிடுகிறது. அடுத்த சுற்றில் வேறு திசையில் கிளம்புகிறது. இரண்டு வில்கள் சேரும் முனை விழுவது அங்கேதான். ஆக, ஒரு வில் என்பது ஒரு சுற்று.

“ஒரே முகத்தைத்தானே வியாழனுக்குக் காட்டுகிறது, சுழற்சிக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள், பனி ஓடு கடல்மேல் மிதப்பதை மறக்கிறார்கள். ஓடு உட்பகுதியை விட்டுத் தனியே சில பாகை நழுவினாலே, அதில் எழும் தகைவு சுற்றுக்குச் சுற்று வரும் தகைவைத் தாண்டிவிடலாம். அதற்காக நழுவல் நிரூபணமாகிவிட்டது என்றும் எழுதக் கூடாது. 1979இன் வாயேஜர் விண்கலப் படங்களையும் பின்னர் வந்த கலிலியோ விண்கலப் படங்களையும் ஒப்பிட்டபோது நகர்வு எதுவும் தெரியவில்லை. ஓடு நழுவினாலும், அப்படி ஒரு முழுச் சுற்று வரக் குறைந்தது 12,000 ஆண்டுகளாவது ஆகும். ஆனால் நழுவியிருந்தால், பழைய விரிசல் பிறந்த இடம் வேறு. இன்றைய தகைவு வரைபடத்தை அதன்மேல் அப்படியே போர்த்தினால் பொருந்தாது.

அப்புறம், எல்லா நிலாவுக்கும் “கோளை நெருங்கும்போதுதான் இழுபடுவது உச்சம்” என்பதும் தவறு. சனியின் நிலா என்செலடஸில் தென்துருவப் பிளவுகள் நிலா விலகியிருக்கும்போதுதான் இழுபட்டுத் திறக்கின்றன. காசினி விண்கலம் பார்த்த பீச்சும் (பிளவுகளிலிருந்து பீறிடும் நீராவியும் பனித்துகளும்) அப்போதுதான் பிரகாசம். அதுவும் கணக்கு சொன்னதைவிடச் சில மணி நேரம் தாமதமாக.